அல்வால் வீட்டுப் பாக்கி

அந்தக் கொய்யாக்காரன் உங்களை நல்லா ஏமாத்திட்டான். தப்பா எடுத்துக்காதீங்கக்கா, எனக்கு வாய் சும்மா இருக்காது. அவன் விலை சொன்னதும் அப்படியே பர்ஸைத் திறந்தீங்க பாருங்க, அங்கேயே பேரம் முடிஞ்சு போச்சு. விக்கிறவன் கண்ணுல பர்ஸைக் காட்டவே கூடாது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தா, வண்டி நகர்ற நேரத்துல பாதி விலைக்கு மடியில போட்டுட்டு ஓடியிருப்பான். சரி விடுங்க. பழம் என்னவோ நல்ல பழம்தான்.

நீங்களும் காட்பாடிதானா? அப்ப பேச்சுத் துணைக்கு ஆச்சு. நான் அங்கே இறங்கி வேலூர் போய், ஒடுகத்தூர் பஸ் பிடிக்கணும். பேர் பச்சையம்மா. புளி வியாபாரம். கடை வெச்சு விக்கிற வியாபாரம் இல்ல. ரோட்டோரம் நிக்குதே புளியமரம், அதை வருஷா வருஷம் ஏலம் விடுவாங்க. ஒடுகத்தூர் ரோட்டுல பாதி மரம் என் குத்தகை. முதல்ல கூலிக்குப் புளி கொட்டை தட்டினவதான் நான். பத்து விரலும் கறுத்துக் கிடக்கும். ஏலத்துக்கு முதல் தரம் போனப்ப, அங்கிருந்த ஆம்பிளைங்க எல்லாரும் கூட்டு சேர்ந்துக்கிட்டு, "ஏம்மா, சாப்பாடு எடுத்து வந்தியா, அங்க வெச்சுட்டுப் போ"ன்னாங்க. அந்த வருஷம் அவங்க வாய்க்குள்ளேயிருந்து நாப்பது மரத்தைப் பிடுங்கினேன். எதுக்குச் சொல்றேன்னா, எனக்குப் பேசத் தெரியும். சித்தூர் வியாபாரிங்களோட சண்டை போட்டே தெலுங்கு கத்துக்கிட்டேன். திட்டறதுக்கும் விலை கேட்கறதுக்கும் போதும். அது ரெண்டும் தெரிஞ்சா பாக்கி தானா வந்துடும்.

எங்க வீட்டுக்காரர் மிலிட்டரி. ஹவில்தார் தணிகாசலம். அடுத்து நாயப் சுபேதார் ஆகப் போறார், லிஸ்ட்ல பேர் வந்தாச்சு. மூணு வருஷம் செகந்திராபாத்துல இருந்தார். இப்பதான் போஸ்டிங் மாறி எங்கேயோ மலை மேல, சைனா பார்டர் பக்கம் போயிருக்கார். போன் கிடைக்கறது குதிரைக் கொம்பு. ஒரு பொண்ணு, கீர்த்தனா, பதினொண்ணாவது படிக்கிறா.

நான் இப்ப செகந்திராபாத்துலேருந்துதான் வர்றேன். ஒரு கடனை அடைச்சுட்டு வர்றேன். எண்பதாயிரம் கேட்டாங்க. எவ்வளவுல முடிச்சேன்னு சொன்னா நம்பமாட்டீங்க.

ஒரு நாள் புளி உலுக்கிக்கிட்டிருக்கோம், போன் வருது. தெலுங்குல ஒரு வயசான அம்மா. "ஹவில்தார் தணிகாசலம் மனைவியா?"ன்னாங்க. ஆமான்னேன். "ஏன்மா இப்படிப் பண்ணினே? சொல்லாம கொள்ளாமப் போயிட்டீங்களே. ரெண்டு மாச வாடகை பாக்கி. பதினோரு மாசத்துக்கு அக்ரிமெண்டைப் புதுப்பிச்சுட்டு நாலாம் மாசம் காலி பண்ணினா மிச்சத்துக்கு யாரு ஜவாப்பு? அவர் போனையே எடுக்கறதில்ல"ன்னாங்க. அல்வால்னு ஒரு இடம், செகந்திராபாத்துல. அங்கே அவங்க வீட்டு மாடியில மூணு வருஷமா குடியாம். ஹவில்தார் தணிகாசலம், மனைவி பச்சையம்மா, குழந்தை ஒண்ணு. அக்ரிமெண்ட்ல அப்படித்தான் இருக்காம். நம்பரும் அதுலதான் இருந்ததாம். "பணம் வரலேன்னா அவர் ரெஜிமெண்டுக்கு, சி.ஓ.வுக்கு எழுதுவேன்"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க.

சி.ஓ.ன்னா உங்களுக்குத் தெரியாது. அவர்தான் ரெஜிமெண்டுக்கே பெரியவர். கடன் வாங்கிக் கட்டலேன்னு அவருக்கு ஒரு கடுதாசி போனா, விசாரணை. விசாரணை நடந்தா சர்வீஸ் புக்குல சிவப்பு மசியில எழுதிடுவாங்க. ரெட் இங்க்னு சொல்வாங்க. ரெட் இங்க் விழுந்தவனுக்குப் பிரமோஷன் கிடையாது. பதினெட்டு வருஷம் மழையிலயும் பனியிலயும் நின்னது, ஒரு வீட்டு வாடகைக்காகப் போயிடும்.

அன்னிக்கு சாயங்காலம் அதிசயமா அவருக்கு லைன் கிடைச்சது. எடுத்த எடுப்புல எனக்குக் கோபம் வரும், உங்களுக்கு இதுக்குள்ள தெரிஞ்சிருக்கும். "யோவ், அல்வால்ல என்னய்யா வீடு?"ன்னு கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. காத்து அடிக்கற சத்தம் மட்டும். சரி, மனுஷன் பயந்துட்டார்னு நானே, "யாராவது பையனுக்கு உங்க பேர்ல எடுத்துக் கொடுத்தீங்களா?"ன்னேன். "ஆமா"ன்னார். கேட்ட உடனே ஒத்துக்கிட்டார் பாருங்க. பொய் சொல்றவன் யோசிப்பான். இவர் யோசிக்கவே இல்ல. சின்னப் பசங்களுக்கு சீக்கிரம் குவார்ட்டர்ஸ் கிடைக்காது, புதுசா கல்யாணம் ஆனவனா இருப்பான், இவர் இரக்கப்பட்டு முன்னால நின்னிருக்கார். இரக்க குணம்தான் அவருக்கு எப்பவும் கெடுதல். "நீ தலையிடாதே, நான் பார்த்துக்கறேன்"ன்னார். மலை மேல உட்கார்ந்துக்கிட்டு எப்படிப் பார்ப்பார்?

என்னையும் அங்கே கூப்பிட்டார்க்கா. கூப்பிடாம இல்ல. முதல் வருஷம் குவார்ட்டர்ஸ் லிஸ்ட்ல பேர் இருக்கு, வந்ததும் கூப்பிடறேன்னார். அப்புறம் லிஸ்ட் நகரவே இல்ல. ஒரு தரம் நானே கிளம்பறேன்னேன். புளி சீசன்ல நீ வந்தா யார் பார்க்கறதுன்னார். அதுவும் நியாயம்தானே. என் வியாபாரம் எனக்கு முக்கியம்னு புரிஞ்சுக்கிற புருஷன் எத்தனை பேருக்குக் கிடைப்பான்?

கீர்த்தனா இருக்காளே, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்தா. "அம்மா, மூணு வருஷமா அந்த வீட்டுல யாரும்மா இருந்தது?"ன்னா. "அதான் சொன்னேனே, ஒரு பையன் குடும்பம்." "பையன் பேரென்ன?"ன்னா. கன்னத்துல ஒண்ணு விட்டேன். பெரியவங்க விஷயத்துல அவளுக்கென்ன கேள்வி? அதுலேருந்து அப்பாகிட்ட சரியாப் பேசறதில்ல. போன் கொடுத்தா, "படிக்கணும்"னு எழுந்து போயிடறா. பரீட்சை வருது, பாவம், அந்தப் பயம்.

வேலூர்ல மிலிட்டரிக் குடும்பங்களுக்கு மனு எழுதித் தர்றவர் ஒருத்தர் இருக்கார். ரிட்டயர்டு சுபேதார், ஞானப்பிரகாசம்னு பேர். அவர்கிட்ட போய் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "தங்கச்சி, நீ பைசா கட்ட வேண்டாம். நீ கையெழுத்துப் போட்டியா?"ன்னார். இல்ல. "அந்த வீட்டுல இருந்தியா?" இல்ல. "அப்ப முடிஞ்சது. புருஷன் வாங்கின கடனுக்குப் பொண்டாட்டி ஜவாப்தாரி இல்ல. 'நான் அந்த வீட்டில் ஒரு நாளும் குடியிருந்ததில்லை'ன்னு ஒரு வரி எழுதி அனுப்பு. அந்தம்மா உன் பக்கம் திரும்பக்கூட மாட்டாங்க"ன்னார்.

எனக்கு எங்கேயிருந்து வந்ததோ கோபம். "ஐயா, அந்த வரியை எழுதினா, அடுத்த வரியை யாரு எழுதறது?"ன்னேன்.

"எந்த அடுத்த வரி?"

"அப்ப குடியிருந்தது யாருன்னு அவங்க கேட்பாங்கல்ல?"

அவர் பேனாவை மூடிட்டார். "வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வாம்மா"ன்னார். தங்கச்சி போய் அம்மா ஆயிடுச்சு. எனக்கு யோசிக்க என்ன இருக்கு? பையன் குடும்பம்னு எழுதினா, வேற ஆளை வெச்சதுக்கு ஒரு விசாரணை வரும். அதுவும் ரெட் இங்க்தான். நான் அவர்கிட்ட சொன்னேன்: "ஏலத்துல மரம் என் பேர்ல இருக்கு. காயைக் குரங்கு தின்னாலும், எவளோ ராவோட ராவா உலுக்கிக்கிட்டுப் போனாலும், குத்தகைப் பணம் நான்தான் கட்டணும். கவர்மெண்ட் குரங்கைத் தேடிப் போகாது." அவர் பேப்பரை எடுத்து உள்ளே வெச்சுட்டார். நான் பேசினா யாரும் பதில் பேசமாட்டாங்க, அது ஒரு ராசி எனக்கு.

அடுத்த ஏலத்துக்கு முன்பணம் கட்ட வெச்சிருந்த பணத்தை எடுத்துக்கிட்டேன். எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லல. காரியத்தை முடிச்சுட்டுச் சொல்லலாம்னு ரயிலேறிட்டேன்.

வீட்டுக்காரம்மா பேர் சத்யவதம்மா. கீழ் வீட்டுல தனியா இருக்காங்க. புருஷன் இல்ல. மூக்குல கனமா கண்ணாடி. கேட்டைத் திறந்து, "யாரு?"ன்னாங்க. "ஹவில்தார் தணிகாசலம் மனைவி"ன்னேன்.

என்னை மேலேயிருந்து கீழே பார்த்தாங்க. "நுவ்வு காது"ன்னாங்க. நீ இல்லைன்னு அர்த்தம்.

கேட்டுல நின்னுக்கிட்டே சண்டை ஆரம்பிச்சுது. "நான்தான்"னேன். "நீ இல்லம்மா. எனக்குத் தெரியாதா? மூணு வருஷம் தினம் பார்த்த முகம்"ன்னாங்க. கண் புரை ஆபரேஷன் பண்ணினவங்கக்கா, அவங்களே அப்புறம் சொன்னாங்க. அவங்க கண்ணை நம்பி என்ன பண்றது? நான் மிலிட்டரி கேன்டீன் கார்டை எடுத்துக் காட்டினேன். என் போட்டோ, பக்கத்துல அவர் பேர். பட்டாளத்துல கல்யாணம் ஆனா ஒரு ஆர்டர் போடுவாங்க, பார்ட் டூன்னு. இன்னாருக்கு இன்னார் மனைவின்னு அதுல ஏத்திடுவாங்க. அதுல பேர் ஏறாதவ, ஆயிரம் பேர் முன்னால தாலி கட்டியிருந்தாலும் பட்டாளத்துக்குப் பொண்டாட்டி இல்ல. கார்டு, ஆஸ்பத்திரி, நாளைக்கு அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா பென்ஷன், எல்லாம் அந்த ஒரு பேருக்குத்தான். கல்யாணம் ஆன மாசமே, "பார்ட் டூ போட்டாச்சா, போட்டாச்சா"ன்னு கேட்டுக் கேட்டு அவர் உயிரை எடுத்தவ நான். "பார்ட் டூவுல இருக்கறது நான்தாம்மா"ன்னேன்.

"அதெல்லாம் எனக்குப் புரியாது. அவளும் பச்சையம்மான்னுதான் சொன்னா. ஆனா அவர் வேற பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்"ன்னாங்க.

எங்க பக்கம் பச்சையம்மா தெருவுக்கு நாலு பேர் இருப்பாங்கக்கா. வாழைப்பந்தல்ல பச்சையம்மன் கோயில் இருக்கில்ல, வேண்டிக்கிட்டு வெக்கிற பேர். அந்தப் பையன் பொண்டாட்டிக்கும் அந்தப் பேரா இருந்தா அதுக்கு நான் என்ன பண்ண?

சரி, வந்த வேலையைப் பார்ப்போம்னு உள்ளே போயிட்டேன். எண்பதாயிரம்ங்கறது என்ன கணக்குன்னேன். ரெண்டு மாசப் பாக்கி, மிச்ச மாசத்து வாடகை, கரண்ட் பில், அப்புறம் வீட்டுக்குப் பண்ணின சேதாரம். மிச்ச மாசத்து வாடகையை முதல்ல பிடிச்சேன். "அம்மா, இது மிலிட்டரி. போஸ்டிங் வந்தா போயாகணும். நீங்க மிலிட்டரிக்காரனுக்கு விடறப்பவே இது தெரியும். ஊர்ல இருக்கறதுக்கு மேல வாடகை ஏத்தி வாங்கினீங்க இல்ல, மிலிட்டரிக்காரன் ஒழுங்காக் கொடுப்பான்னு? லாபத்துல பட்டாளம் வேணும், நஷ்டத்துல வேணாமா?"ன்னேன். அந்தம்மாவும் லேசுப்பட்டவங்க இல்ல. "பட்டாளத்தான் சொல்லிட்டுப் போவான். திருடன்தான் சொல்லாமப் போவான்"ன்னாங்க. நல்லாப் பேசினாங்க. எதிர்ல பேசத் தெரிஞ்ச ஆள் இருந்தாத்தான் எனக்கும் பேச்சு வரும். ஒரு வழியா மிச்ச ஏழு மாசத்தை ஒரு மாசமாக் குறைச்சேன். அட்வான்ஸைக் கழிச்சேன். கரண்ட் பில்லுல கை வெக்கல, அது மீட்டர் ஓடின ஓட்டம்.

"சேதாரத்தைக் காட்டுங்க"ன்னேன். சேதாரம்னு சொல்றவங்க எல்லாரையும் சேதாரத்துக்குப் பக்கத்துல நிக்க வெச்சுத்தான் பேசணும். அப்பதான் அது எவ்வளவு சின்னதுன்னு அவங்களுக்கே தெரியும்.

மாடிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. காலி வீடு. ஹால்ல மேலே கான்க்ரீட்டைத் துளைச்சு ஒரு கொக்கி. "தூளி கட்ட அடிச்சது. என்னைக் கேட்கவே இல்ல. மழை பெஞ்சா அதுவழியா ஒழுகுது"ன்னாங்க. "ஃபேன் மாட்ட அடிச்சிருப்பாங்க"ன்னேன். "ஃபேன் பக்கத்துலயே தொங்குதே." "ரெண்டு ஃபேன் மாட்டக்கூடாதா? வேலூர்க்காரங்க நாங்க, எங்களுக்கு வெயில்னா என்னன்னு தெரியும்"ன்னேன். அந்தக் கணக்குல ரெண்டாயிரத்தை அடிச்சேன்.

பின்பக்கம் ஒரு முருங்கை மரம். தண்ணித் தொட்டி சுவத்தை வேர் தள்ளுதாம், வெட்ட ஆள் கூலியாம். "அவர்தான் ஊர்லேருந்து கிளைப் போத்து கொண்டாந்து நட்டார். தினம் ஆறு மணிக்கு வந்ததும் தண்ணி ஊத்துவார்"ன்னாங்க. காயைப் பறிச்சுப் பார்த்தேன். குட்டைக் காய், சதை அதிகம். எங்க வீட்டு முருங்கைதான், சந்தேகமே இல்ல. ஒரு லீவு முடிஞ்சு போறப்ப போத்து வெட்டிக்கிட்டுப் போனார், ரெஜிமெண்ட் தோட்டத்துல வெக்கன்னு. பாருங்க, அதையும் அந்தப் பையனுக்குக் கொடுத்திருக்கார். நான் விடல. "காய்க்கிற மரத்தை வெச்சுட்டுப் போயிருக்கோம். சந்தையில ஒரு காய் என்ன விலை? நியாயமாப் பார்த்தா நீங்க எனக்குப் பணம் தரணும்"ன்னேன். அந்தம்மாவுக்கே சிரிப்பு வந்துடுச்சு. "நல்ல வேளை, மூணு வருஷம் நீ இங்க இல்ல. வீட்டையே எழுதி வாங்கியிருப்பே"ன்னாங்க. நானும் சிரிச்சேன். மூவாயிரம் போச்சு.

அப்புறம் உள்ரூம். ஜன்னலுக்குக் கீழே சுவத்துல மெழுகுக் கலர்ல கிறுக்கி வெச்சிருந்தது. சிவப்பு, ஊதா. ஒரு ஆள் உயரத்துக்குக்கூட இல்ல, முழங்கால் உயரம், இடுப்பு உயரம். "இந்த ரூமுக்கு மட்டும் பெயிண்ட் அடிக்க நாலாயிரம் ஆகும். என்ன எழுதியிருக்கு? உங்க தமிழ்தானே?"ன்னாங்க.

"எழுத்து இல்ல. சும்மா கோடு"ன்னேன்.

உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, எழுத்துதான். அப்பான்னு எழுதியிருந்தது. மேல பெரியவங்க ஒருத்தர் எழுதிக் காட்டியிருக்காங்க. கீழே அதைப் பார்த்துப் பார்த்து, ஏழோ எட்டோ தடவை. ஒண்ணுல புள்ளி இல்ல. ஒண்ணுல அனாவோட வால் நீண்டுக்கிட்டே போய் ஜன்னல் கட்டையில முட்டி நிக்குது. மேல எழுதின பானா இடது பக்கம் சாய்ஞ்சிருந்தது. என் பேரும் பானாவுலதான் ஆரம்பிக்குது. கல்யாணமான புதுசுலேருந்து அவர் கடுதாசிக் கவர் மேல அந்தப் பானாவைப் பார்த்திருக்கேன். துப்பாக்கி பிடிச்சுப் பிடிச்சு மணிக்கட்டு அப்படி ஆயிடும்போல. மிலிட்டரிக்காரங்க எல்லாருக்குமே எழுத்து அப்படித்தான் சாயும்னு நினைக்கிறேன். உங்களுக்குத் தெரிஞ்ச மிலிட்டரிக்காரங்க யாராவது இருக்காங்களா?

அதையும் பேசினேன். "என் பொண்ணுக்குப் பதினாறு வயசு. பதினாறு வயசுப் பொண்ணு சுவத்துல கிறுக்குவாளா? அவ இந்த வீட்டு வாசப்படிகூட மிதிச்சதில்ல. இந்த நாலாயிரம் என் கணக்குல வராது"ன்னேன். ஞாயம்தானே?

அந்தம்மா கண்ணாடியைக் கழட்டி முந்தானையில துடைச்சாங்க. மாட்டிக்கிட்டு என்னைப் பார்த்தாங்க. கேட்டுல பார்த்த பார்வை இல்ல. "அப்ப யாரும்மா கிறுக்கினது?"ன்னு மெதுவாக் கேட்டாங்க.

"எனக்கென்ன தெரியும்?"

"வா, கீழே போவோம்."

கீழே உட்கார வெச்சு மோர் கொடுத்தாங்க. சாப்பிட்டியான்னாங்க. எனக்கு அப்பவே பிடிக்கல. கடன் கேட்கிறவ எதுக்கு மோர் கொடுக்கணும்? நான் கணக்கைக் கூட்டிச் சொன்னேன். முப்பதாயிரத்துல வந்து நின்னுச்சு. எண்பது எங்கே, முப்பது எங்கே. பணத்தை எடுத்து முன்னால வெச்சேன்.

தள்ளி வெச்சாங்க. "வேணாம்மா. எடுத்துக்கோ"ன்னாங்க.

ஏதோ புதுப் பேரம்னு நினைச்சேன். "முப்பதுக்கு மேல ஒத்தைப் பைசா வராது"ன்னேன்.

"எனக்கு முப்பதும் வேணாம். பத்தும் வேணாம். நான் ஆள் தெரியாம உனக்குப் போன் பண்ணிட்டேன். நீ ஊருக்குப் போ. அவ எங்க போயிருக்கான்னு எனக்குத் தெரியும். குழந்தையோட அவங்கம்மா வீட்டுல இருக்கா. நல்ல பொண்ணுதான், பாவம். அவகிட்ட வாங்கிக்கறேன். இல்லேன்னா பட்டாளத்துக்கே எழுதறேன். இதுல நீ எதுக்கு அழறே?"ன்னாங்க.

நான் எங்கேக்கா அழுதேன்? காலியா இருந்த வீடு, சுண்ணாம்புத் தூசி, கண்ணுல விழுந்திருக்கும். புளித் தூசியே எனக்கு ஒத்துக்காது.

இரக்கப்படறாங்க. என்னைப் பார்த்து. ஏலத்துல நாலு பேர் கூட்டு சேர்ந்து மிரட்டினப்பகூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வரல. "அம்மா, கடன் யார் பேர்ல இருக்கு? தணிகாசலம் பேர்ல. தணிகாசலம் பொண்டாட்டி யாரு? நான். பட்டாளத்துக்கு ஒரு எழுத்து போகக்கூடாது. வேற எந்த வீட்டுக்கும் நீங்க போய்க் கேட்கக்கூடாது. வாங்கிக்குங்க"ன்னேன்.

"வேணாம்மா."

"முப்பத்தஞ்சு வாங்கிக்குங்க."

"உனக்கென்ன பைத்தியமா?"

"நாப்பது"ன்னேன்.

என் வாழ்நாள்ல நானே விலையை ஏத்தினது அன்னிக்குத்தான். வாங்கிறவ இறக்க இறக்க, கொடுக்கிறவ ஏத்தறேன். சித்தூர்க்காரன் எவனாவது பார்த்திருந்தா என்னை மறுபடியும் வியாபாரத்துக்குச் சேர்த்திருக்க மாட்டான். நாப்பத்தஞ்சு வரைக்கும் போனேன். கொண்டு போனது அவ்வளவுதான், டிக்கெட்டுக்கும் வழிச்செலவுக்கும் வெச்சது போக. அந்தம்மா கையில வெச்சு அழுத்தினேன். வாங்கிக்கிட்டாங்க. இனிமே பாக்கி ஒண்ணும் இல்ல, யார்கிட்டயும் கேட்க மாட்டேன், எங்கேயும் எழுத மாட்டேன்னு எழுதித் தரச் சொன்னேன். தணிகாசலம் மனைவி பச்சையம்மாகிட்டேருந்து வாங்கினேன்னு எழுதச் சொன்னேன். தெலுங்குல எழுதினாங்க. எனக்குப் பேசத்தான் வரும், படிக்க வராது. "மனைவின்னு போட்டீங்களா?"ன்னேன். படிச்சுக் காட்டினாங்க. இன்னொரு தரம் படிங்கன்னேன். படிச்சாங்க.

கேட்டுல நின்னப்ப நீ இல்லைன்னவங்கதானே? பணத்தைக் கட்டினதும் ஆமான்னுட்டாங்க பாருங்க.

அவ்வளவுதான், கிளம்பியிருக்கலாம். செருப்பைக்கூட மாட்டிட்டேன். திரும்பி வந்து, "அம்மா, அந்த ரூமுக்கு எப்ப பெயிண்ட் அடிப்பீங்க?"ன்னு கேட்டேன். "யாராவது குடி வந்தா பார்த்துக்கலாம்"ன்னாங்க. "அடிக்காம விட்டா யார் குடி வருவா? வீடு பார்க்க வர்றவன் முதல்ல சுவத்தைத்தான் பார்ப்பான். பணம்தான் வாங்கிட்டீங்கல்ல, இன்னிக்கே அடிங்க"ன்னேன். வியாபாரம் தெரிஞ்சவ, பார்த்துக்கிட்டு சும்மா போக முடியுமா சொல்லுங்க. பாவம், தனியா இருக்கிறவங்க, வாடகையை நம்பி இருக்காங்க. எதிர் வீட்டுல பெயிண்ட் வேலை நடந்துக்கிட்டிருந்தது. நானே போய் ஒருத்தனைக் கூட்டிட்டு வந்தேன். என்ன கூலின்னு கேட்டான். கேட்டதைக் கொடுக்கறேன், உடனே வான்னேன்.

அந்தம்மா மாடிக்கு வரல. நான் ரூம் வாசல்ல நின்னேன். ஒரு கோட் அடிச்சான். சிவப்பு அப்படியே மேலே வந்துச்சு. மெழுகு மேல பெயிண்ட் ஒட்டாதாம், ஈரத்தோட வழியுது. இன்னொண்ணு அடிடான்னேன். ரெண்டாவது கோட்டுல கீழே இருந்த கிறுக்கல் எல்லாம் போயிடுச்சு. மேல எழுதினது மட்டும் போகல. அழுத்தி எழுதியிருக்கு. அந்தப் பானா மட்டும் சாய்ஞ்சபடியே தெரியுது. மூணாவது கோட் அடிக்கச் சொன்னேன். அவனுக்குப் பொறுமை போயிடுச்சு. "ஈரத்துல அப்படித்தான் தெரியும்மா. காஞ்சா போயிடும், நீங்க கிளம்புங்க"ன்னான்.

காயற வரைக்கும் நிக்கலாம்னுதான் பார்த்தேன். ரயிலுக்கு நேரமாயிடுச்சு.

உங்க வீடு சொந்த வீடா, வாடகையா? சொந்த வீடுன்னா பெயிண்ட் அடிச்சிருப்பீங்கல்ல. காஞ்சா போயிடும்தானேக்கா?